ஐபி டிப்ளமோ படித்தால் காலேஜுக்குச் சரியா வருமா? சேலத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் ஐபி, கேம்பிரிட்ஜ் படிக்கும் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். பத்தாவது ரிசல்ட் நெருங்கும்போது ஃபேர்லேண்ட்ஸிலிருந்து அழைத்தாலும் சரி, ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்து கேட்டாலும் சரி, சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. எந்தப் பள்ளிக்கும் நான் ஆள் பிடித்துக் கொடுப்பதில்லை. சில கேள்விகளுக்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான்.

ஐபி ஐபின்னு சொல்றாங்களே, அது போர்டா கோர்ஸாங்க? நம்ம பிளஸ் டூவுக்குச் சமமா?

இன்டர்நேஷனல் பாக்கலரியேட் என்பதன் சுருக்கம் ஐபி. 1968-ல் ஜெனீவாவில் தொடங்கிய அமைப்பு. அடிக்கடி நாடு மாறும் குடும்பங்களின் பிள்ளைகள் எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் சேரும்படி ஒரு பொதுவான பள்ளியிறுதிப் படிப்பு வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்தது. சின்ன வகுப்புகளுக்கும் அவர்களிடம் பாடத்திட்டம் உண்டு. நாம் இங்கே பேசுவது கடைசி இரண்டு வருடம், அதாவது பதினொன்று, பன்னிரண்டுக்கு இணையான ‘டிப்ளமோ புரோகிராம்’ பற்றி மட்டும். பெயரில் டிப்ளமோ இருப்பதால் பாலிடெக்னிக் டிப்ளமோ என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைத்துக் கேட்டவர்களும் உண்டு.

இந்தியாவில் இதை முதலில் கொண்டுவந்தது நம் தமிழ்நாட்டுப் பள்ளிதான். கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976-ல். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், அதாவது ஏஐயு, 1983 முதல் இதைப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக ஏற்கிறது. எனவே ‘செல்லுமா, செல்லாதா’ என்ற பயம் வேண்டாம். எந்தக் கல்லூரிக்கு, எந்தப் பாடச் சேர்க்கையோடு என்பதில்தான் சிக்கல் வரும். அதைக் கீழே பார்ப்போம்.

எத்தனை பாடம்? சயின்ஸ் குரூப், காமர்ஸ் குரூப்னு இருக்கா?

இல்லை. ஆறு பாடம். இலக்கியம் படிக்கும் முதல் மொழி ஒன்று, இரண்டாம் மொழி ஒன்று, வரலாறு, பொருளாதாரம் போன்ற சமூகவியல் பாடம் ஒன்று, அறிவியல் ஒன்று, கணிதம், கலை ஒன்று. கலை வேண்டாம் என்றால் அந்த இடத்தில் இன்னொரு அறிவியலோ சமூகவியலோ மொழியோ எடுக்கலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான் இயற்பியல், வேதியியல் இரண்டையும் எடுக்கிறார்கள்.

ஆறில் மூன்றை ஹையர் லெவலில் 240 மணி நேரமும், மூன்றை ஸ்டாண்டர்டு லெவலில் 150 மணி நேரமும் படிக்க வேண்டும். இன்ஜினியரிங் போக நினைப்பவரும் ஒரு இலக்கியப் பாடத்தையும் ஒரு சமூகவியல் பாடத்தையும் விட முடியாது. இதை எரிச்சலாகப் பார்ப்பவர்களும் உண்டு, வரமாகப் பார்ப்பவர்களும் உண்டு.

மார்க் எப்படிங்க? 600-க்கா?

45-க்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 7 வரை, ஆறு பாடத்துக்கு 42. மீதி மூன்று புள்ளி ‘கோர்’ பகுதிக்கு (அது என்னவென்று அடுத்தடுத்து வருகிறது). டிப்ளமோ கிடைக்கக் குறைந்தது 24 புள்ளி வேண்டும். ஹையர் பாடங்கள் மூன்றிலும் சேர்த்து 12 வேண்டும், எதிலும் 1 வாங்கக் கூடாது என்பது போன்ற உள் நிபந்தனைகளும் உண்டு.

இங்கே 600-க்கு 580-க்கு மேல் கேட்டுப் பழகிய தாத்தா பாட்டிக்கு ‘45-க்கு 36’ என்றால் முகம் வாடிவிடும். 36 நல்ல மார்க்.

பையன் பத்தாவது ஸ்டேட் போர்டு. திடீர்னு இதுல சேத்தா தாங்குவானா?

சேரத் தடை இல்லை. எந்தப் போர்டில் பத்தாவது முடித்திருந்தாலும், பள்ளி ஏற்றுக்கொண்டால் சேரலாம். ஐஜிசிஎஸ்இ (கேம்பிரிட்ஜ் போர்டின் பத்தாவது) படித்திருந்தே ஆக வேண்டும் என்று விதி கிடையாது.

தாங்குவானா என்றால், முதல் ஆறு மாதம் கஷ்டப்படுவான். கணக்கில் அல்ல. கணக்குப் போடும் வேகத்தில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் முன்னால்தான் இருப்பார்கள். கஷ்டம் எழுதுவதில். ‘இந்தத் தரவிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம், அந்த முடிவின் பலவீனம் என்ன’ என்று கேட்டால், புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவார்கள். எந்தப் பக்கத்திலும் இருக்காது. பத்தாவது விடுமுறையில் பாடப் புத்தகத்தை முன்கூட்டியே முடிக்க வைப்பதைவிட, தினமும் ஒரு ஆங்கிலச் செய்தித்தாளின் தலையங்கத்தைப் படித்து அரைப் பக்கம் சொந்தமாக எழுத வையுங்கள்.

சரி, மத்த போர்டுல இல்லாத எது இதுல இருக்கு? அது காலேஜுக்கு எப்படி உதவும்?

இந்தப் பக்கத்தில் முக்கியமான கேள்வி இதுதான். கல்லூரியில் முதல் வருடம் தடுமாறுகிறவர்கள் பலரும் பாடம் புரியாமல் தடுமாறுவதில்லை. நாளைக்கு என்ன படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லாத நிலைமை அவர்களுக்குப் புதிது. வாராவாரம் டெஸ்ட் இல்லை, விடுதி வார்டன் விசிலடித்து ஸ்டடி ஹாலுக்கு அனுப்புவதில்லை. ஆறு வாரம் கழித்து ஒரு கட்டுரை வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். நூலகத்தில் எதை எடுப்பது, எங்கே நிறுத்துவது, எப்படி மேற்கோள் காட்டுவது என்று எதுவும் சொல்லித் தரப்பட்டிருக்காது.

ஐபி இந்தத் தடுமாற்றத்தைப் பதினாறு, பதினேழு வயதிலேயே கொடுத்துவிடுகிறது. ஏறக்குறைய எல்லாப் பாடத்திலும் மாணவரே செய்து தரும் ஒரு வேலை உண்டு. அறிவியல் என்றால் தானே கேள்வி வகுத்து, பரிசோதனை செய்து, பிழைக் கணக்கோடு எழுதும் அறிக்கை. மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்கு. பொருளாதாரம் என்றால் செய்திக் கட்டுரைகளை எடுத்து அலசி எழுதும் விமர்சனங்கள். ஆறு பாடத்தின் கெடு தேதிகளும் ஒன்றோடொன்று மோதும். அந்த மோதலைச் சமாளிக்கக் கற்றுக்கொள்வதுதான், என் பார்வையில், இந்தப் படிப்பு கல்லூரிக்குத் தரும் பெரிய தயாரிப்பு. பாட அளவு அதற்கு அடுத்துத்தான்.

நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளை இதற்காக நான் மட்டம் தட்டவில்லை. அங்கே படித்த பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்காரும் உடம்பு இருக்கும், பரீட்சை பயம் இருக்காது. அதுவும் ஒரு பலம். ஆனால் அது வேறு பரீட்சைக்கான பலம்.

நாலாயிரம் வார்த்தையில ஆராய்ச்சிக் கட்டுரையாமே? சேலத்துல உக்காந்துக்கிட்டு என்னத்தை ஆராய்ச்சி பண்றது?

எக்ஸ்டெண்டட் எஸ்ஸே என்று பெயர். 4,000 வார்த்தைக்கு மிகாமல், மாணவரே தேர்ந்தெடுத்த கேள்வியைப் பற்றி. வழிகாட்டும் ஆசிரியர் மொத்தமாக மூன்று முதல் ஐந்து மணி நேரம்தான் உதவலாம். கடைசியில் ஒரு சின்ன நேர்முக உரையாடலும் உண்டு.

சேலத்தில் இருப்பது இதற்கு ஒரு வசதி என்றே சொல்வேன். பெரிய நகரத்துப் பிள்ளைகள் இணையத்தில் கிடைக்கும் தலைப்பையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். இங்கே வீட்டைச் சுற்றியே கேள்விகள் கிடக்கின்றன. மாமாங்கம், கருப்பூர் பக்கம் மேக்னசைட் சுரங்கம் இருக்கிறது. சுரங்கத்திலிருந்து தூரம் கூடக் கூடக் கிணற்று நீரின் மக்னீசியக் கடினத்தன்மை எப்படி மாறுகிறது என்பதை ஈடிடிஏ என்ற வேதிப்பொருளை வைத்துச் செய்யும் தரம்பார்த்தலில் பள்ளி ஆய்வகத்திலேயே அளக்கலாம். ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரைச் சுண்ணாம்பு இட்டுத் தெளிய வைத்தால் கலங்கல் எவ்வளவு குறையும் என்பது இன்னொன்று. பொருளாதாரம் படிப்பவருக்குச் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் இருக்கின்றன. வெள்ளி விலை ஏறும்போது கூலி ஏறுகிறதா என்று போய்க் கேட்கலாம். வரலாறு என்றால் 1820-களில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபி கொண்டு வந்ததிலிருந்து தொடங்கி, சேர்வராயன் மலையில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பார்க்கலாம்.

கேள்வி சிறியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘திருமணிமுத்தாறு மாசு’ என்பது தலைப்பு. ‘இன்ன பாலத்துக்கு மேலேயும் கீழேயும் கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு வித்தியாசம்’ என்பது கேள்வி. முதல் வரைவில் பெரும்பாலும் தலைப்புதான் வரும். அதை அரிந்து அரிந்து கேள்வியாக்குவதற்குள் கோடை விடுமுறை போய்விடும். போகட்டும். கல்லூரியில் ப்ராஜெக்ட், ஆய்வறிக்கை என்று வரும்போது மற்றவர்கள் கற்கும் வேலையை இவர்கள் ஏற்கெனவே ஒரு முறை செய்திருப்பார்கள்.

டிஓகே-ன்னா என்னங்க, தத்துவமா? அதுக்கு வேற கிளாஸ் வைக்கிறாங்களாமே?

தியரி ஆஃப் நாலெட்ஜ் என்பதன் சுருக்கம். தமிழில் ‘அறிவுக் கோட்பாடு’ என்று சொல்லலாம். நமக்குத் தெரியும் என்று நினைப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்கும் வகுப்பு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, மழை வரும் என்கிறார் ஏற்காட்டில் ஒரு பெரியவர். வானிலை மையம் வராது என்கிறது. இருவர் சொல்வதற்கும் ஆதாரம் என்ன, எதை எப்போது நம்பலாம்? இந்த மாதிரி விவாதம். முடிவில் 1,600 வார்த்தைக்குள் ஒரு கட்டுரையும், மூன்று பொருள்களை வைத்து ஒரு காட்சியும் செய்ய வேண்டும்.

பெற்றோருக்கு இது வீண் வேலையாகத் தெரியும். பல மாணவர்களுக்கும் அப்படியே. ஆனால் மேலே சொன்ன மூன்று கோர் புள்ளிகள் இதற்கும் எக்ஸ்டெண்டட் எஸ்ஸேக்கும் சேர்த்துத்தான். இரண்டில் எதில் ‘ஈ’ கிரேடு வாங்கினாலும் டிப்ளமோவே கிடைக்காது.

சமூக சேவை சர்டிபிகேட் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டாப் போதும்ல?

போதாது. படைப்பு, உடற்செயல், சேவை மூன்றும் சேர்ந்தது சிஏஎஸ். சுமார் பதினெட்டு மாதம் தொடர்ந்து செய்து பதிவு எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது. ஆனால் முடிக்காவிட்டால் டிப்ளமோ கிடையாது. தெரிந்த டிரஸ்டில் கையெழுத்து வாங்கித் தரும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். வெளிநாட்டு விண்ணப்பத்தில் இதைப் பற்றி எழுதச் சொல்லும்போது பிள்ளை விழிக்கும்.

டாக்டராக்கணும். ஐபி படிச்சிக்கிட்டே நீட் எழுதலாமா?

எழுதலாம். ஆனால் இங்கேயே எம்பிபிஎஸ் படிக்க வேண்டும் என்பது உறுதியென்றால் இந்தப் படிப்பு வேண்டாம் என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன், பிறகு உங்கள் விருப்பம்.

நீட் தகுதிக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். மேலே சொன்ன ஆறு பாட அமைப்பில் சாதாரணமாக இரண்டு அறிவியல்தான் எடுக்க முடியும். மூன்றாவதை எடுக்கப் பல்கலைக்கழக நிபந்தனையைக் காட்டி, பள்ளி மூலமாக ஐபி அமைப்பிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சேரும் நாளிலேயே இதை எழுத்தில் கேளுங்கள், பாதியில் கேட்டுப் பயனில்லை.

அடுத்தது தேதி. நீட் வழக்கமாக மே முதல் ஞாயிறு. ஐபி தேர்வு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மூன்றாம் வாரம் வரை நடக்கும். நடுவில் மாட்டும். பாணியும் வேறு. நீட் 180 நிமிடத்தில் 180 கேள்வி, என்சிஇஆர்டி புத்தகத்தின் வரிகளோடு ஒட்டியது. ஐபி தரவைக் கொடுத்து விளக்கம் கேட்கும். ஒன்றுக்குப் பழகிய கை இன்னொன்றுக்கு உடனே திரும்பாது. இரண்டையும் சமாளிக்கும் பிள்ளைகள் உண்டு, ஆனால் அவர்கள் எதில் சேர்ந்திருந்தாலும் சமாளித்திருப்பார்கள். வெளிநாட்டில் மருத்துவம் என்றால் கதை வேறு, அங்கே உயிரியலும் வேதியியலும் ஹையரில் இருப்பது பலம். ஆனால் படித்து முடித்து இந்தியாவில் தொழில் செய்யத் திரும்புவதாக இருந்தால், அதற்கும் நீட் தகுதி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சலிங்ல கலந்துக்க முடியுமா? கட்-ஆஃப் எப்படிப் போடுவாங்க?

கலந்துகொள்ளலாம். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கட்-ஆஃப் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு. எனவே இந்த மூன்றும் பாடங்களில் இருக்க வேண்டும். கலைக்குப் பதில் இரண்டாவது அறிவியல் எடுத்தால் முடியும். சங்கடம், கட்-ஆஃப் தசமப் புள்ளியில் ஓடுகிறது, ஐபி தருவதோ 1 முதல் 7 வரை. மதிப்பெண்ணை மாற்றிக் கணக்கிட வேண்டியிருக்கும். மாற்றும்போது முழு மார்க் வாங்கியவர்களோடு நெருக்கமாகப் போட்டியிடுவது கடினம்.

இன்னொன்று, ஐபி ரிசல்ட் ஜூலை முதல் வாரம்தான் வரும். கவுன்சலிங் பதிவு அதற்கு முன்பே தொடங்கிவிடும். பதிவு நாளிலேயே சேவை மையத்தில் விவரத்தைச் சொல்லி, என்ன சான்று எப்போது தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எட்டாவது முதல் பன்னிரண்டு வரை ஏதாவது ஒரு வருடம் வெளிமாநிலத்தில், உதாரணமாகப் பெங்களூரில், படித்திருந்தால் இருப்பிடச் சான்று வேண்டும். சேலத்துப் பிள்ளைகள் பலர் பெங்களூர் பள்ளிகளுக்குத்தான் போகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

ஐஐடி?

முதல் கட்டத் தேர்வான ஜேஇஇ மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கும். ஜனவரித் தேர்வைக் குறி வைப்பது நல்லது, ஏப்ரல் ஐபி தேர்வோடு ஒட்டி வரும். பன்னிரண்டாவதில் 75 சதவீதம் அல்லது போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் என்ற நிபந்தனையும் உண்டு. பாணி வேறுபாடு பற்றி நீட் பதிலில் சொன்னது இங்கேயும் பொருந்தும், கணிதத்தில் மட்டும் கொஞ்சம் குறைவாக. கணிதத்தில் இரண்டு வகை இருக்கிறது. அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ், அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரட்டேஷன். சுருக்கமாக ஏஏ, ஏஐ என்பார்கள். இன்ஜினியரிங், இயற்பியல், பொருளாதாரம் என்று எந்த நாட்டுக்குப் போனாலும் ஏஏ ஹையர் லெவல்தான் பாதுகாப்பு.

வெளிநாட்டுக்குன்னா எத்தனை பாயிண்ட் வேணும்?

நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் ‘இத்தனை புள்ளி, இந்த ஹையர் பாடத்தில் இவ்வளவு’ என்று நிபந்தனையோடு இடம் தருவார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 40-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ கேட்கும். நல்ல பெயருள்ள வேறு பல இடங்கள் 32, 34-க்கே இடம் தருகின்றன. அமெரிக்காவில் ஒன்பதாவதிலிருந்து நான்கு வருட மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். ஸ்டேட் போர்டு ஒன்பதாவது மார்க்‌ஷீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல பல்கலைக்கழகங்கள் ஹையர் பாடத்தில் 5-க்கு மேல் வாங்கினால் முதல் வருடப் பாடங்கள் சிலவற்றுக்குக் கிரெடிட் தருகின்றன. ஜெர்மனி பாடச் சேர்க்கையை நுணுக்கமாகப் பார்க்கும். பதினொன்றாவதில் பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே அவர்கள் விதியைப் படித்துவிட வேண்டும்.

விண்ணப்பம் போகும்போது இறுதி ரிசல்ட் இருக்காது. பள்ளி தரும் உத்தேச மதிப்பெண் அடிப்படையில்தான் இடம் கிடைக்கும். ஆகவே பன்னிரண்டாவது ஆரம்பத்துக்குள் பிள்ளை நிலைபெற்றிருக்க வேண்டும். ‘கடைசி மூணு மாசத்துல புடிச்சிரலாம்’ என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே எடுபடாது.

இந்தியாவுலயே, ஆனா மெடிக்கல் இன்ஜினியரிங் வேண்டாம்னா?

இந்தப் பிள்ளைகளுக்குத்தான் ஐபி நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் இந்தக் கேள்வியை மிகக் குறைவானவர்களே கேட்கிறார்கள். அசோகா, கிரியா, அசிம் பிரேம்ஜி போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் வாசித்து, விவாதித்து, எழுதும் முறை ஏறக்குறைய இதன் தொடர்ச்சி. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் சியூஇடி நுழைவுத் தேர்வு. சட்டப் படிப்புக்குக் கிளாட் நுழைவுத் தேர்வு. அது டிசம்பரில் வருவதால் ஐபி தேர்வோடு மோதாது, பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் பாணியும் இவர்களுக்குக் கை வந்தது.

தமிழ் விட்டுப் போயிடுமேங்க?

பள்ளியைப் பொறுத்தது. தாய்மொழி இலக்கியத்தை, ஆசிரியர் இல்லாவிட்டாலும் பள்ளித் துணையோடு தானே படிக்கும் வழி ஐபியில் ஸ்டாண்டர்டு லெவலில் உண்டு. தமிழுக்கு அதை ஏற்பாடு செய்வார்களா என்று கேளுங்கள். கேட்கும் பெற்றோர் இல்லாததால்தான் பல இடங்களில் பிரெஞ்சு மட்டும் இருக்கிறது. பின்னாளில் டிஎன்பிஎஸ்சி எழுத நினைத்தால் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் கட்டாயம் என்பதையும் மனதில் வையுங்கள்.

இவ்வளவு கட்டுரையையும் சாட்ஜிபிடி எழுதிக் குடுத்துடாதா?

கொடுக்கும். ஐபி அதைத் தடை செய்யவில்லை, ஆனால் அது தந்த வாசகத்தைப் பயன்படுத்தினால் மேற்கோளாகக் காட்டியே ஆக வேண்டும். சொந்த எழுத்தாகக் கொடுத்து மாட்டினால் அந்தப் பாடத்துக்கு மதிப்பெண் வராது, டிப்ளமோவும் போகும். எக்ஸ்டெண்டட் எஸ்ஸேயின் கடைசி நேர்முக உரையாடலில், கருப்பூர்க் கிணற்று நீரை எந்த மாதத்தில் எடுத்தாய் என்று கேட்டால் மென்பொருள் வந்து பதில் சொல்லாது.

பணம்?

வருடத்துக்குப் பல லட்சம். விடுதி என்றால் இன்னும் மேலே. தேர்வுக் கட்டணம் தனி. பள்ளிக் கட்டணத்தோடு கணக்கை நிறுத்தாதீர்கள், அதற்குப் பின் மூன்று நான்கு வருடக் கல்லூரிச் செலவு நிற்கிறது. இதற்காகக் காட்டை விற்று, கல்லூரிக்குக் கடன் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நன்றாகப் படிக்கும், வசதி குறைந்த பிள்ளை என்றால் புனே அருகே ஐபி சொல்லித் தரும் யுடபிள்யூசி மகிந்திரா கல்லூரிக்கு (பெயரில்தான் கல்லூரி, பள்ளிதான்) விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள்.

ஒரு வருஷம் படிச்சிட்டு, முடியலைன்னு திரும்ப ஸ்டேட் போர்டுக்கோ சிபிஎஸ்இ-க்கோ வந்துடலாமா?

நேராகப் பன்னிரண்டாவதில் சேருவது மிகக் கடினம். சிபிஎஸ்இ-யில் பதினொன்றாவதிலேயே பதிவு நடந்துவிடுகிறது. பெரும்பாலும் திரும்பவும் பதினொன்றிலிருந்து தொடங்க வேண்டி வரும், அல்லது தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்-ல் பன்னிரண்டாவது எழுத வேண்டும். எனவே மாறுவதென்றால் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் மாறுங்கள்.

அதைத் தாண்டிவிட்டால், மாறுவதற்கு முன் பள்ளியில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். கஷ்டம் ஒரே ஒரு ஹையர் பாடத்தில் என்றால் அதை ஸ்டாண்டர்டுக்கு இறக்கி வேறொன்றை ஏற்ற வழி இருக்கும். கணிதத்தில் ஏஏ ஹையர் எடுத்துத் திணறுபவர்கள் பலர் இப்படித்தான் தப்பிக்கிறார்கள். இறுதித் தேர்வில் புள்ளி குறைந்தாலும் மே, நவம்பர் அமர்வுகளில் மறுபடி எழுதலாம், மொத்தம் மூன்று அமர்வு வரை அனுமதி. நவம்பரில் எழுதினால் அந்த வருடக் கல்லூரிச் சேர்க்கை கைநழுவும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.